அசல் யூனிக்ஸ்

யூனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தை ஆளுக்கொரு கம்பெனி எடுத்து, ஆளுக்கொரு விதமாக மாற்றி வைத்திருந்த காலம். எல்லாருக்கும் பொதுவிதி எழுதக் கூட்டம் போட்டார்கள்.

பெரிய கம்பெனித் தலைவர் வரதராஜுலு மேஜையைத் தட்டினார். "எங்களுதுதான் அசல்! மத்ததெல்லாம் குப்பை. பொதுவிதியாம்! ஏம்மா, முடிஞ்சா நீ எழுதேன், பார்ப்போம்!"

குறிப்பெழுத வந்த நவமணிக்கு ஒரு சந்தேகம்: இவருக்கே வித்தியாசம் தெரியுமா?

"எழுதறேன் சார். முதல்ல அசலை ஓட்டிக் காட்டுங்க" என்று, திரையும் விசைப்பலகையும் மட்டும் தெரிய, துணியால் மூடிய கணினி முன் அவரை உட்காரவைத்தாள்.

அவர் தட்டிய கட்டளையெல்லாம் ஓடியது. "பாத்தியா? அசல் அசல்தான்!"

நவமணி துணியை இழுத்தாள். போட்டிக் கம்பெனியின் கணினி!

"நீங்க தட்டினதை அப்படியே எழுதிட்டேன் சார். ரெண்டுலயும் ஓடுதே, அதுதான் பொதுவிதி. கையெழுத்துப் போடுங்க."