புகை குறைந்த புஸ்வாணமும் மழை மூடிய ஒரு நாளும்

இந்த வழக்கைப் பேசிப் பேசி என் தொண்டை வறண்டுவிட்டது. ஆளுக்கொரு நியாயம் வைத்திருக்கிறார்கள். நீங்களாவது கேட்டு ஒரு முடிவு சொல்லுங்கள்.

சிவகாசிக்குக் கிழக்கே, கரிசல் காட்டு நடுவில் தனுஷ்கோடி என்பவரின் பட்டாசு ஆலை. அவர் தங்கை வசுமதி வேதியியல் படித்தவள். பல நாள் பாடுபட்டு, பேரியம் என்ற நச்சு உப்பு சேராத ஒரு மருந்துக் கலவையைக் கண்டுபிடித்தாள். அதில் செய்த புஸ்வாணம் பழையதில் கால்வாசிப் புகைதான் விட்டது. ஒரே ஒரு குறை, ஈரக்காற்று பட்டால் அந்த மருந்து தானாகவே சூடேறும்.

"அண்ணே, மழை மூட்டம் போட்டா இதைக் கலக்கவே கூடாது. எல்லார்கிட்டயும் சொல்லிருங்க."

"சொல்றேன், சொல்றேன்."

அதை நம்பி அவள் சான்றிதழ் வாங்கச் சென்னைக்குப் போனாள். அவர் யாரிடமும் சொல்லவில்லை.

தீபாவளி நெருங்கியது. புதுப் புஸ்வாணத்துக்கு மதுரைக் கடைகளில் ஏகக் கிராக்கி. சரக்கேற்ற லாரி வந்து நின்ற அன்றைக்கென்று வானம் கருத்தது. தனுஷ்கோடி கலக்கச் சொன்னார். கலவை அறையில் மூத்தவள் மாரிக்கனி. தட்டைத் தொட்டவளுக்குக் கை சுட்டது. மறுபேச்சில்லாமல் எல்லாப் பெண்களையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஏம்மா, லாரிக்காரனுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"எங்க வீட்டுக்கு யாரு பதில் சொல்லுவா முதலாளி?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அறை குப்பென்று எரிந்தது. கூரைத் தகடு தெறித்து விழுந்தது. உள்ளே ஒருவரும் இல்லை.

அதைப் பார்த்த பிறகாவது புத்தி வந்ததா? லாரியை வெறுமனே அனுப்ப முதலாளிக்கு மனம் வரவில்லை. போர்மேன் குருநாதன், "நான் பாத்துக்கிறேன்" என்றார். கிடங்கில் பழைய மருந்தில் செய்த புஸ்வாணம் இருந்தது. அதை எடுத்து, 'புகை குறைந்தது' என்று அச்சடித்த புதுப் பெட்டிகளில் அடைக்கச் சொன்னார். தனுஷ்கோடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். போனஸ் கெட்டுவிடுமே என்று மாரிக்கனியும் உட்கார்ந்து பெட்டி ஒட்டினாள்.

மதுரையில் சுகந்தி என்றொரு தாய். அவள் மகளுக்கு வீசிங். தீபாவளியன்று ஜன்னலைக்கூடத் திறக்காத வீடு அது. இந்த வருடம் பெட்டியைப் படித்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, மகள் கையாலேயே பற்றவைக்க விட்டார்கள். பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆனது. ஆக்ஸிஜன் வைத்துத்தான் பிழைத்தாள்.

பெட்டியோடு சுகந்தி ஆலைக்கே வந்துவிட்டாள். வசுமதியும் ஊர் திரும்பியிருந்தாள்.

"நான் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தானே போனேன்!" என்றாள் வசுமதி.

"நான் கலக்கத்தான் சொன்னேன். பெட்டியை மாத்தவா சொன்னேன்?" என்றார் தனுஷ்கோடி.

"இங்க ஒரு உசுருக்கும் சேதமில்லாம சரக்கை அனுப்பி வச்சது தப்பா?" என்றார் குருநாதன்.

"இத்தனை பேரை வெளிய கூட்டியாந்தவ நான். ஒட்டச் சொன்னாக, ஒட்டுனேன்" என்றாள் மாரிக்கனி.

சொல்லுங்கள், இந்த நால்வரில் யார் செய்தது சரி?

என்னைக் கேட்டால், மாரிக்கனி பெண்களைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாளே, அது ஒன்றுதான் முழுச் சரி. பெட்டி ஒட்ட உட்கார்ந்தபோது அவளும் தவறிவிட்டாள். குருநாதன் பழைய சரக்கை அனுப்பியதில் தப்பில்லை. பழைய பெட்டியிலேயே அனுப்பியிருக்கலாம், அதற்கு என்ன கேடு? வசுமதி அண்ணனிடம் சொன்னதை, மருந்தில் கை வைக்கிறவர்களிடமே சொல்லியிருக்க வேண்டும். தனுஷ்கோடிக்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. நால்வரும் மாறி மாறிக் கத்தி ஓய்ந்த பிறகு சுகந்தி கேட்டாள்: "மழை வந்துருச்சு, இது பழைய சரக்குதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் ஜன்னலைத் திறந்திருக்க மாட்டேனே?"