கூலி கேட்காத இரண்டு வேலைக்காரர்கள்

முன்னொரு காலத்தில், வீடு கட்டுவதற்கு முன்னால் ஒரு பிடி மண்ணை அள்ளித் தூவிக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்ட காலத்தில், குமாரபூபதி என்றொரு ராஜா இருந்தார். நல்ல மனிதர்தான். யாராவது பக்கத்தில் நின்று விடாமல் பேசினால் சரி என்று சொல்லிவிடுவார், அது ஒன்றுதான் அவரிடம் குறை.

ஓர் ஆடி மாதத்தில் அவர் சபையில் தம் ஆசையைச் சொன்னார்.

"எனக்கு ஏழு வயதில் வந்த தூக்கம் வேண்டும்."

சபையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜாவே மேலும் சொன்னார்.

"சிறுவயதில் மத்தியானச் சாப்பாடு ஆனதும் இந்தக் கூடத்தில்தான் வெறும் தரையில் படுப்பேன். சுண்ணாம்புத் தரை முதுகுக்கு ஜில்லென்று இருக்கும். மேற்கேயிருந்து வேப்பம்பழ வாசனையோடு காற்று வரும். என் தாயார் வந்து எழுப்பும்போது சாயங்காலம் ஆகியிருக்கும். இன்றும் இதே கூடத்தில்தான் படுக்கிறேன். நான்கு வருஷமாக அந்தத் தூக்கம் மட்டும் வரவில்லை. எங்கிருந்தாவது கொண்டுவாருங்கள்."

சொல்லி முடித்துவிட்டு மேற்குப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தாயாரை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, பாவம்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் நடந்ததையும் நான் சொல்லியாக வேண்டும். மந்திரி சேதுராயர் வெளிநாடு போய் வந்தார். அங்கே அரண்மனைகளுக்கு ஜன்னலே இல்லை, எல்லாம் வழவழவென்று சலவைக்கல் என்றார். விடாமல் பேசினார். ராஜா சரி என்றார். கூடத்தின் மேற்கு ஜன்னல்கள் ஏழையும் செங்கல் வைத்து அடைத்து, மேலே சலவைக்கல் பதித்தார்கள். நடு முற்றத்தைக் கூரை போட்டு மூடினார்கள். தரையில் கனத்த கம்பளம் வந்தது.

பிறகு பட்டப்பகலில் கூடம் இருட்டாகிவிட்டது. நாற்பது விளக்கு ஏற்றினார்கள். விளக்குச் சூட்டில் வியர்த்துக் கொட்டியது. கூரையிலிருந்து பெரிய துணி விசிறிகளைத் தொங்கவிட்டுக் கயிறு கட்டி இழுக்க வீட்டுக்கு ஓர் ஆள் என்று முந்நூறு பேரைப் பிடித்து வந்தார்கள். விசிறி வேகத்தில் விளக்கு அணையும். ஓடிப்போய் ஏற்றுவார்கள். மறுபடி சூடு, மறுபடி விசிறி. இந்தக் கூத்தைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

அதுவும் எந்த மாதத்தில்? ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். வெளியே அந்தக் காற்று தலையை ஆட்டிக்கொண்டு போகிறது. உள்ளே முந்நூறு பேர் காற்று வேண்டுமென்று கயிறு இழுக்கிறார்கள்!

அரசவை விகடகவியின் பெயர் தொந்தியப்பன். பெயரில்தான் தொந்தி, ஆள் முருங்கைக்காய். ராஜா தம் வெற்றிலைப் பெட்டியிலிருந்து அவனுக்கு வெற்றிலை எடுத்துக் கொடுப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் மந்திரிக்கு வயிறு எரியும். அன்று சபைக்கு வரும் வழியில் தொந்தியப்பனை மூக்கன் என்ற விசிறிக்காரன் நிறுத்தியிருந்தான்.

"அய்யா, மழை பேஞ்சு எட்டு நாளாச்சு. ஈரம் காயறதுக்குள்ள வெதைக்கலைன்னா தையில திங்க ஒண்ணும் இருக்காது. எங்க வீட்டுல அவ ஏழு மாசம் அய்யா. மம்பட்டிய வச்சுக்கிட்டு ஒத்தையில கொத்திக்கிட்டு கெடக்கா. நீங்க ராசாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்றேன்டா மூக்கா. சொல்ற விதமா சொல்லணும், அதான் யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான் தொந்தியப்பன்.

இப்போது மந்திரி சேதுராயர் எழுந்தார்.

"மகாராஜா, தூக்கம் வராததற்குக் காரணம் விசிறி போதாததுதான். இன்னும் முந்நூறு பேரை வரவழைக்க உத்தரவிட வேண்டும்."

மூக்கன் கையில் கயிறு ஒரு கணம் நின்றுவிட்டது. தொந்தியப்பன் அதைப் பார்த்தான்.

"மகாராஜா, அறுநூறு பேர் எதற்கு? எனக்கு இரண்டே இரண்டு வேலைக்காரர்களைத் தெரியும். தங்கள் தகப்பனாரிடமும் பாட்டனாரிடமும் வேலை பார்த்தவர்கள். ஒருவன் இந்த நாற்பது விளக்கின் வேலையைச் செய்வான். இன்னொருவன் முந்நூறு பேரின் வேலையைச் செய்வான். கூலி கேட்க மாட்டார்கள், சோறும் கேட்க மாட்டார்கள்."

"அப்படிப்பட்டவர்கள் எங்கே போனார்கள்?"

"எங்கேயும் போகவில்லை, மகாராஜா. நான்கு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஊரிலேயேதான் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்."

இவன் வாயாலேயே கெட்டான் என்று மந்திரிக்கு ஒரே சந்தோஷம்.

"மகாராஜா, நாளை மத்தியானத்துக்குள் இவன் அவர்களைக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் ஆயுள் முழுக்க விசிறிக் கயிறு இழுக்க வேண்டும்."

"ஒப்புக்கொள்கிறேன்" என்றான் தொந்தியப்பன். "ஆனால் அவர்களை யாராவது வாசலில் தடுத்துவிட்டால்?"

அவன் சாக்குத் தேடுகிறான் என்று நினைத்த மந்திரி முந்திக்கொண்டார். "தடுப்பவன் எவனாக இருந்தாலும் அவனே கயிறு இழுக்கட்டும்! இதையும் சேர்த்து எழுதி முத்திரை இடுங்கள், மகாராஜா!"

ராஜா முத்திரை இட்டார்.

மறுநாள் மத்தியானம் தொந்தியப்பன் தன்னந்தனியாக வந்து நின்றான். மந்திரி ஒரு புதுக் கயிற்றையே தயாராக வைத்திருந்தார்.

"எங்கே உன் ஆட்கள்?" என்றார் ராஜா.

"காலையிலேயே வந்துவிட்டார்கள், மகாராஜா. வெளியே நிற்கிறார்கள். உள்ளே வரவிடாமல் தடுக்கிறார்கள்."

"என் முத்திரையை மீறித் தடுப்பவன் யார்?" ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. விறுவிறுவென்று வெளியே நடந்தார். சபை பின்னால் ஓடியது.

தொந்தியப்பன் அவரை அரண்மனையின் மேற்குப் பக்கம் அழைத்துப் போனான். அங்கே ராஜாவின் அங்கவஸ்திரம் கொடி மாதிரி படபடத்தது. உச்சி வெயிலில் கண் கூசியது.

"இதோ, இவன் காற்று. மேலே நிற்கிறானே, அவன் வெயில். இருவரையும் தடுப்பது இந்தச் சுவர். மகாராஜாவின் உத்தரவுப்படி இதுதான் கயிறு இழுக்க வேண்டும். சுவருக்குக் கை இல்லை. கட்டியவருக்கு இருக்கிறது."

"மகாராஜா, இது அநியாயம்!" என்றார் சேதுராயர். "காற்றும் வெயிலும் ஆட்களா?"

"கூலியும் சோறும் இல்லாமல் முந்நூறு பேர் வேலையைச் செய்கிற வேறு ஆள் இருந்தால் மந்திரியார் காட்டட்டும். நான் இப்போதே கயிற்றைப் பிடிக்கிறேன்."

ராஜா மந்திரியைப் பார்த்தார். முத்திரை இட்ட ஓலையைப் பார்த்தார். பிறகு மந்திரியின் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"இடியுங்கள்! அடே, என்ன வேடிக்கை பார்க்கிறீர்கள்? இடியுங்கள்!" என்று கத்திக்கொண்டு சேதுராயரே கடப்பாரையைத் தூக்கினார். முந்நூறு பேரும் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஏழு ஜன்னலும் திறந்தன. முற்றத்துக் கூரையும் பிரிந்தது.

காற்று உள்ளே வந்ததும் முதல் வேலையாக மந்திரியின் தலைப்பாகையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. உள்ளே தலை சுரைக்காய் மாதிரி பளபளத்தது. மனிதருக்குக் காற்றின் மேல் அவ்வளவு பகை ஏன் என்று ஊருக்கு அன்றுதான் தெரிந்தது. நாற்பது விளக்கும் ஒரே மூச்சில் அணைந்தன. அணைந்ததை யாரும் கவனிக்கவில்லை, கூடம் அவ்வளவு வெளிச்சமாக இருந்தது.

ராஜா கம்பளத்தைச் சுருட்டித் தள்ளினார். பழைய சுண்ணாம்புத் தரை அப்படியே இருந்தது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்தார். "என் தாயார் இந்த இடத்தில்தான் உட்காருவாள்" என்றார். வேப்பம்பழ வாசனை வந்தது. அவர் கண் நிறைந்துவிட்டது.

"தொந்தியப்பா, என்ன வேண்டும், கேள்."

"இந்த முந்நூறு பேருக்கும் விடைகொடுங்கள், மகாராஜா. இன்று விதைத்தால்தான் ஈரம் தாங்கும்."

பதில் வரவில்லை. ராஜா சாய்ந்து, காலை நீட்டித் தூங்கிவிட்டிருந்தார்.

மந்திரி தலையைத் துண்டால் மூடிக்கொண்டு கிசுகிசுத்தார். "உத்தரவு வரவில்லை. ஒருவனும் நகரக் கூடாது."

"ஆகட்டும். தாங்களே மகாராஜாவை எழுப்பிக் கேட்டுச் சொல்லுங்கள்" என்று தொந்தியப்பனும் கிசுகிசுத்தான்.

சேதுராயர் கையை நீட்டினார். ராஜா குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். நான்கு வருஷத் தூக்கம். நீட்டிய கை தானாகத் திரும்பி வந்தது. அதற்குள் மூக்கன் நுனிக்காலில் வாசலைத் தாண்டியிருந்தான். அவன் பின்னால் ஒருவர், இன்னொருவர் என்று முந்நூறு பேரும் சத்தமில்லாமல் போனார்கள். கத்தினால் ராஜா விழித்துக்கொள்வாரே என்று மந்திரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் ராஜா கண்விழித்தபோது கூடம் காலியாக இருந்தது.

"உத்தரவில்லாமல் எல்லோரும் ஓடிவிட்டார்கள், மகாராஜா! எல்லாம் இவன் வேலை!" என்றார் மந்திரி.

ராஜா ஜன்னல் வழியே பார்த்தார். கோட்டைக்கு மேற்கே வயல்வெளி முழுக்க ஆட்கள் குனிந்து விதைத்துக்கொண்டிருந்தார்கள். நான்கு வருஷமாக அந்த வயல்களை அவர் பார்க்கவே இல்லை. பக்கத்து வயலில் ஒருவன் ஒரு பெண்ணின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு அவளை வரப்பில் உட்காரவைத்தான்.

"யார் அது?"

"தங்களுக்கு விசிறி இழுத்த மூக்கன், மகாராஜா. அவன் மனைவிக்கு ஏழு மாசம்."

ராஜா வரப்பில் உட்கார்ந்தவளையே பார்த்தார். முகம் சிறுத்துப்போயிற்று. பிறகு என்ன தோன்றிற்றோ, மெல்லச் சிரிக்க ஆரம்பித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சேதுராயரே, விழித்திருந்த நான்கு வருஷத்தில் நான் போட்ட உத்தரவெல்லாம் கிடக்கட்டும். தூக்கத்தில் எவ்வளவு நல்ல உத்தரவு போட்டிருக்கிறேன், பாருங்கள்!"

அன்றே பறையறைந்தார்கள். இனி அந்த நாட்டில் வீடு கட்டுகிறவன் முதலில் காற்றையும் வெயிலையும் கேட்க வேண்டும், அப்புறம்தான் கொத்தனாரைக் கேட்க வேண்டும். அப்படிக் கட்டுகிறவனுக்கு ஜன்னல் மரம் அரண்மனைக் காட்டிலிருந்து இலவசம். நாள்தோறும் விடியலில் ஏழு ஜன்னலையும் திறக்கும் பொறுப்பு சேதுராயருடையது.

ராஜா கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தொந்தியப்பனுக்குப் போட்டார். "இது நான் கொடுப்பது. உனக்கென்று வேறு ஏதாவது கேள்."

"நாளை மத்தியானம் இந்த ஜன்னலோரத்தில் எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள், மகாராஜா. தூக்கம் வராத தங்களைச் சிரிக்கவைத்துச் சிரிக்கவைத்து, நான்கு வருஷமாக நானும் தூங்கவில்லை."

ராஜா மறுபடி சிரித்துக்கொண்டே நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்துத் தரையைத் தம் கையாலேயே துடைத்துவிட்டார்.