மூச்சு விடாத படம்

ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்கேன் படம் இருந்தது. மீன் விற்கும் கனியம்மாளின் வயிற்றுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்த படம். கல்லீரலில் கட்டி எங்கே, அதை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாய் எங்கே என்று அதற்கு மனப்பாடம். அந்தக் கர்வமும் இருந்தது.

அன்று கனியம்மாளின் வயிற்றை மரத்துப்போகச் செய்து, அவளை விழித்தபடியே படுக்கவைத்திருந்தார்கள். நீள ஊசியைச் செலுத்திக் கட்டியைப் பொசுக்க வேண்டும். கேமரா அவள் வயிற்றைத் திரையில் காட்டியது. படம் அதன்மேல் போய்ப் படுத்துக்கொண்டது. தோல் கண்ணாடியானதுபோல் உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது. டாக்டர் ரெஜினா ஊசியை எடுத்தார்.

“தள்ளிப் படு,” என்றது கேமரா. “ஸ்கேனுக்கு முன் அவள் வயிற்றில் ஒட்டிய அடையாளப் பொட்டுகளோடு உன்னில் பதிந்த பொட்டுகள் சேரவில்லை.”

“நான் சரியாகத்தான் இருக்கிறேன். அவள்தான் ஏறி ஏறி இறங்குகிறாள்.”

“உயிரோடு இருக்கிறவள் வேறென்ன செய்வாள்?”

“பெரிய இவன்! தோலைத் தாண்டி ஒரு நாளாவது போயிருக்கிறாயா?”

“இல்லை. ஆனால் நீ போனது போன வாரம். டாக்டர் உன்னை நம்பித்தான் குத்தப்போகிறார். குழாயில் பட்டால் அவள் பிழைப்பாளா?”

படம் குனிந்து பார்த்தது. பொட்டுகள் விரலளவு விலகியிருந்தன. ஸ்கேன் அறையில் கேட்ட குரல் ஞாபகம் வந்தது: ‘மூச்சை இழுத்து அடக்குங்க.’ அவள் அடக்கிய மூச்சைத்தான் அது பார்த்திருந்தது. விட்ட மூச்சைப் பார்த்ததே இல்லை.

தப்பு தன்னுடையது என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? ஊசி தோலைத் தொட்டது. படம் சட்டென்று சிவந்தது. திரையில் ‘பொருந்தவில்லை’ என்று வந்தது.

டாக்டரின் கை நின்றது.

“கனியம்மா, ஸ்கேன் எடுத்தப்போ செஞ்ச மாதிரி மூச்சை இழுத்து அடக்குங்க.”

“சந்தையில வாயையே அடக்குனதில்ல டாக்டரம்மா. என்னப் போயி மூச்ச அடக்கச் சொல்றிய!”

சிரிப்பில் வயிறு குலுங்கியது. படமும் அதன்மேல் தடுமாறியது. பிறகு அவள் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, அப்படியே நிறுத்தினாள். பொட்டோடு பொட்டு சேர்ந்தது. ஊசி குழாயை விட்டு ஒதுங்கி, நேரே கட்டிக்குள் போய் நின்றது.

“விடுங்கம்மா,” என்றார் டாக்டர்.

அவள் விட்டாள். படம் பழையபடி விலகிப்போனது.

“பார், மறுபடியும் தப்பாகிவிட்டாய்,” என்றது கேமரா.

“ஆகட்டும்,” என்றது படம். “அவள் மூச்சு விடுகிறாள்.”