நாற்பத்தொன்றாம் பக்கம்

பேராசிரியர் ஹார்ட்விக் செல்மருக்கு எண்பது வயது நிறைந்தது. ஜெர்மனியில் இப்படிப்பட்ட சமயத்தில் மாணவர்கள் சேர்ந்து ஒரு கட்டுரைத் தொகுப்பு போடுவார்கள். நம்மூர் மணிவிழா மலர் மாதிரிதான், பொன்னாடை மட்டும் கிடையாது. "தமிழ்நாட்டில் செல்மரின் தாக்கம்" என்று எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருந்தார்கள்.

தாக்கமா! கோவில்பட்டிக்காரி செண்பகவல்லியான நான் அங்கே அவரிடம் படித்துவிட்டு வந்து, இருபத்தெட்டு வருஷமாகக் கல்லூரியில் தத்துவம் நடத்திப் பிழைப்பதே அவருடைய புத்தகத்தின் ஒரு பக்கத்தை வைத்துத்தான். நாற்பத்தொன்றாம் பக்கம். 'மன்னிப்பு என்பது கேட்பவருக்குக் கொடுப்பது. கேட்காதவரை யாராலும் மன்னிக்க முடியாது.' அறவியல் படித்தவர் எந்த ஊரில் இருந்தாலும் இந்த வரியை ஒரு தடவையாவது மேற்கோள் காட்டியிருப்பார்.

நான் இரண்டு கட்டுரை எழுதி வைத்திருந்தேன். ஒன்று பாராட்டு. இன்னொன்று, அந்தப் பக்கம் தப்பு என்பது. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றை அனுப்பியாக வேண்டும். இரண்டாவதை அனுப்பினால் சோறு போட்டவர் முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடுமே என்று பயம். ஒரு கருத்தரங்குக்காக அந்த நாட்டில்தான் இருந்தேன். நேரிலேயே கேட்டுவிடலாம் என்று ரயில் ஏறினேன்.

முதியோர் இல்லத்தின் வாசலில் அவருடைய மகள் உல்ரிகே என்னை நிறுத்திச் சொன்னாள்.

"அப்பாவுக்கு இப்போது யாரையும் ஞாபகமில்லை. தான் எழுதியதும் ஞாபகமில்லை. ஆனால் பேசிக்கொண்டிருக்கப் பிடிக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இனிமேல் யாரிடம் போய்க் கேட்பது?

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் எப்போதும் போல ஒரு பென்சில்.

"உட்காருங்கள். என்ன கொண்டுவந்தீர்கள்?"

"ஒரு புத்தகம். ஒரு பக்கம் வாசிக்கட்டுமா?"

வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"நன்றாக எழுதியிருக்கிறாரே. யார்?"

"என் ஆசிரியர்."

"கெட்டிக்காரர்," என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெருமை மட்டும் மனுஷனை விட்டுப் போகவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"அவர் வகுப்பில் ஒரு பெண் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள்," என்றேன்.

"என்ன கேள்வி?"

"அவளுடைய அப்பா அவள் அம்மாவைப் பாடாய்ப் படுத்தினார். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்காமலே செத்துப்போனார். அம்மா அவரை மன்னித்துவிட்டாள். 'அப்படியானால் எங்கள் அம்மா செய்ததற்கு என்ன பேர்?' என்று கேட்டாள்."

"ஆசிரியர் என்ன சொன்னார்?"

சொல்லலாமா என்று யோசித்தேன். இவ்வளவு தூரம் வந்தாயிற்று.

"'இது தத்துவ வகுப்பு, ஒப்பாரி வைக்கிற இடமில்லை' என்றார்."

"மற்றவர்கள்?"

"சிரித்தார்கள்."

அந்த ஊர் வகுப்பில் ஒருவர் பேசி முடித்தால் கைதட்ட மாட்டார்கள். விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். அதுதான் அங்கே மரியாதை.

"அவளுக்கு ஒருவர்கூட மேசையைத் தட்டவில்லையா?"

"இல்லை."

அவர் முகம் வாடிவிட்டது.

"அந்த ஆள் அப்புறமாவது அவளிடம் வருத்தம் தெரிவித்தாரா?"

"இல்லை. அவருக்கு அது ஞாபகமே இல்லை. இனிமேல் வரப்போவதும் இல்லை."

"அவளுக்கு இன்னும் கோபமா?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அவருடைய ஸ்வெட்டரில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. என் கை தானாகப் போய் அதைக் கழற்றிச் சரியாகப் போட்டது. குழந்தை மாதிரி மோவாயைத் தூக்கிக் காட்டினார். எத்தனை வருஷம் இந்த மனிதரைப் பார்த்துப் பயந்திருக்கிறேன்!

"இல்லை," என்றேன். "துளிகூட இல்லை."

"அவர் கேட்காமலேயேவா?"

"கேட்காமலேயே."

முன்னால் இருந்த சின்ன மேசையை விரல் முட்டியால் மூன்று தடவை தட்டினார்.

"அந்தப் பெண்ணுக்கு," என்றார்.

அவர் சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்து என் கையில் வைத்தார்.

"அப்படியானால் இந்தப் பக்கம் தப்பு. அவளையே எழுதச் சொல்லுங்கள்."