அரை நாள் ஆளைக் காட்டு

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. அங்கே தையல்காரி வேலாத்தாள். மகளுக்கு மூச்சிழுப்பு அதிகமானதும், மத்தியானம் கூட இருந்து பார்த்துக்கொள்ள அரை நாள் வேலை கேட்டாள். மேனேஜர் சிவசைலம் எகிறினார்.

"அரை நாளுக்கு மாறினா வைத்தியச் சலுகை கிடையாது!"

"அந்த மருந்துலதானுங்க பிள்ளை மூச்சே விடுது."

"சலுகையும் வாங்கிட்டு அரை நாள் வேலை பார்க்கிற ஒரே ஒருத்தரை இங்க காட்டு பார்ப்போம். உனக்கும் தர்றேன்!"

"காட்டறேனுங்க. அவர்மேல நீங்க கோபப்படக் கூடாது."

மத்தியானம் சிவசைலம் வழக்கம்போல டிபன் கேரியரோடு காரில் ஏறினார். போனால் அன்றைக்குத் திரும்ப மாட்டார். தையல் கூடத்துக்கே தெரியும், கேட்கத்தான் ஆளில்லை. வேலாத்தாள் ஓடிவந்து, யார் காதிலும் விழாதபடி குனிந்து சொன்னாள்:

"அந்த அரை நாள் ஆள் நீங்கதானுங்க. படுத்த படுக்கையா இருக்கிற அம்மாவுக்கு ஊட்டப் போறீங்க. அதுல ஒரு தப்பும் இல்லீங்க. நானும் அதுக்குத்தானே கேட்கறேன்?"

கூடமே அதிரக் கத்துகிற மனுசன் மெல்லக் காரின் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"சலுகை உண்டு. ஏறு அம்மிணி, உன் பிள்ளையும் காத்திருக்கும்."