வெள்ளையை மறைச்ச ஊரு

ஒரு ஊர்ல, ஐப்பசி மாசம் மூணாம் தேதி, காலையில ஆறு மணிக்கு, முப்பத்தேழு வீட்டுக்காரங்களும் சேறு குழைச்சுக்கிட்டு இருந்தாங்க. ஊரு பேரு வெண்பாறை. கேக்குறியா?

"ம்."

மலை மேல இருக்குற ஊரு. எப்பப் பாத்தாலும் பனிமூட்டம். ரொம்ப காலத்துக்கு முன்னாடி மூணு பேரு வழி தப்பி, பள்ளத்துல விழுந்து செத்துப்போனாங்க. அதுலேர்ந்து எல்லாச் சுவருக்கும் சுண்ணாம்பு. ஏறி வர்றவங்க பளிச்சுனு தெரியுற வெள்ளையப் பாத்து நடந்தா வந்து சேர்ந்துடலாம். அதுல அந்த ஊருக்காரங்களுக்கு அப்படி ஒரு பெருமை.

அப்புறம் ஒரு வருஷம், அடிவாரத்துல வாந்திபேதி. கொத்துக் கொத்தா செத்தாங்க. மிச்சம் இருந்தவங்க மலை ஏற ஆரம்பிச்சாங்க. அப்போ ஊர்ப் பெரியவரு குருவன் சொன்னாரு, "வெள்ளைய மறைச்சிடுங்க. ஊரு தெரியலைன்னா திரும்பிடுவாங்க."

வேணாம்னு யாரும் சொல்லல. ஒச்சம்மான்னு ஒருத்தி, அவளும் சொல்லல. அவ தங்கச்சி மூக்காயிய அடிவாரத்துலதான் கட்டிக் குடுத்திருந்தாங்க. 'அவளுக்குத்தான் வழி தெரியுமே'ன்னு நெனச்சுக்கிட்டே, சளப் சளப்புனு சேத்தை அப்புனா.

முதல் நாள், பனிக்குள்ள எண்ணெய்க்காரரு குரல். "ஏ வெண்பாறை! எங்கய்யா இருக்கீங்க?" வாராவாரம் வர்ற மனுஷன். ஊர்ல நாய் வாயைக் கட்டிட்டாங்க. குரல் போயிடுச்சு.

ரெண்டாம் நாள், மருத்துவச்சி அங்கம்மா. "அடியே, உங்க பிரசவம் பாத்த கைடி இது! ஒரு சத்தம் குடுங்கடி!" ஊர்ல கோழியெல்லாம் கூடைக்குள்ள. அந்தக் குரலும் போயிடுச்சு.

மூணாம் நாள்...

"ம்?"

"அக்கோவ்! ஊரையே சுருட்டிக்கிட்டுப் போயிட்டீங்களா? அவரு போயிட்டாருக்கா. புள்ளையோட நிக்கிறேன். ஒரு குரல் குடு!"

மூக்காயி குரல், ரொம்பப் பக்கத்துல. புள்ள கால் கொலுசு, சிலுங் சிலுங்னு கேக்குது. ஒச்சம்மா வாயைத் தொறந்தா. பக்கத்து வீட்டுக்காரி அவளையே பாத்தா. உடனே ஒச்சம்மா முந்தானைய எடுத்துத் தன் வாயில திணிச்சுக்கிட்டா.

"அப்புறம் கூப்பிட்டாளா?"

இல்ல கண்ணு. கொலுசுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாத் தேஞ்சு போச்சு.

அன்னிக்கு மத்தியானமே சோன்னு மழை. சேறெல்லாம் வழிஞ்சு ஓடி, ஊரு பழையபடி வெள்ளையா நின்னுச்சு. யாருக்கும் நோவு வரல. ஆனா 'தப்பிச்சோம்'னு ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லல. யாரும் யாரு மூஞ்சியையும் பாக்கல.

"மூக்காயி செத்துட்டாளா?"

இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு, தை மாசம் பதினொண்ணாம் தேதி, புள்ளையக் கையில புடிச்சுக்கிட்டு வந்தா. "அன்னிக்கு நீ வீட்லதான் இருந்தியா?"ன்னு கேட்டா. "இருந்தேன்"னா ஒச்சம்மா. சொம்புல தண்ணிய நீட்டுனா. புள்ள வாங்கக் கை நீட்டுச்சு. மூக்காயி அந்தக் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு மலை இறங்கிப் போயிட்டா.

கதையும் அவ பின்னாலேயே இறங்கிப் போச்சு. கண்ண மூடு.