கணவாய் மதினியும் மங்களராசு இருந்த விரதமும்

நடுக்கடல்ல, யாரோ உப்புக்கல்லைக் கிள்ளிப் போட்டாப்ல, ஒரு குட்டித் தீவு இருந்துச்சாம். அதைச் சுத்திப் பூராவும் பாறை. வலை போட்டா கிழிஞ்சு நாராப் போயிரும். அதனால அங்க வலையே கிடையாது, வீட்டுக்கு ஒரு மண்டாதான். மண்டான்னா என்னன்னு கேக்குறீங்களா? நீளமா ஒரு கம்பு, அது நுனியில கூரா ஒரு இரும்பு. தண்ணிக்குள்ள நின்னு, மீன் வர்றதைப் பார்த்து, சதக்குன்னு குத்துறது.

வாடைக்காத்து அடிச்சா சீலா மீன் வரும், குத்துவாங்க. கொண்டல் காத்து அடிச்சா ஓரா மீன் கூட்டங்கூட்டமா வரும், குத்துவாங்க. காத்து அடங்கி, கடல் எண்ணெய் ஊத்துனாப்ல கிடக்கும்போது கணவாய் மீன் வரும். அதை மட்டும் குத்த மாட்டாங்க. ஏன்னா அது முட்டையிட வருது. பிள்ளைத்தாச்சியா நம்ம வீட்டுக்கு வர்றவளை யாராவது குத்துவாங்களா?

அதனால முதல் கணவாய் கண்ணுல பட்ட அன்னிக்கே, அவங்கவங்க வாசல்ல மண்டாவைத் தலைகீழா, கூரு மண்ணுக்குள்ள போறாப்ல ஆழமா நட்டுருவாங்க. குஞ்சு பொரிச்சு வெளிய வர்ற வரைக்கும் பிடுங்கக் கூடாது, கருவாடும் பனங்கிழங்கும்தான் சாப்பாடு. ஆளைக் கடிக்கிற சுறா கரைக்கு வந்தா மட்டும் பிடுங்கலாம், அப்பவும் ஊர்த்தலைவர்தான் முதல் குத்து குத்தணும். இதை மீறிக் கணவாயைக் குத்துனவன், அடுத்த வருசம் கணவாய் வர்ற வரைக்கும் மண்டாவைத் தொட முடியாது. கருவாடு காயுற இடத்துல உக்காந்து காக்கா விரட்டணும். ஊரு மிச்சம் வச்சதைத்தான் அவன் வீடு திங்கணும்.

அந்த ஊர்த்தலைவர் பேரு மங்களராசு. காதுல கடுக்கன், முன்னால ஒரு தொந்தி. அவருக்குக் கணவாய்னா உசுரு. அந்த வருசம் என்ன பண்ணுனாரு, ராத்திரியோட ராத்திரியா மண்டாவுல இருந்து இரும்புக் கூரைக் கழட்டிட்டு, வெறுங்கம்பை வாசல்ல நட்டுட்டாரு. அந்த இரும்பை வேற ஒரு கம்புல மாட்டிப் பாறை இடுக்குல ஒளிச்சு வச்சுட்டாரு. மேல நிக்கிறது கம்பு, மண்ணுக்குள்ள கூரு இருக்கா இல்லையான்னு யாரு பாக்கப் போறா?

அது மட்டுமா! ஊரைக் கூட்டி, "நான் கணவாய்த் தாய்க்காக விரதம் இருக்கப்போறேன். மத்தியானம் ஒருவாய்கூடச் சாப்பிட மாட்டேன்"ன்னு வேற சொல்லிட்டாரு. அவரு பொண்டாட்டி தங்கப்பேச்சி கண்ணுல தண்ணி வச்சுட்டா.

முதல் நாள் உச்சி வெயில்ல, ஊரு கண்ணசந்த நேரம் பாறைக்குப் போனாரு, குத்துனாரு, சுட்டாரு, தின்னாரு, வாயைத் தொடச்சுக்கிட்டு வந்தாரு. மறுநாளும் போனாரு, குத்துனாரு, சுட்டாரு, தின்னாரு, வாயைத் தொடச்சுக்கிட்டு வந்தாரு. அடுத்த நாளு? ஆமா, அதேதான். பக்கத்து வீட்டுக் கோட்டைச்சாமி சொன்னானாம், "பாவம் தலைவரு, வெறும் வயித்துல காத்து ஏறி எப்படி ஊதிருச்சு பாருங்க!"

அதே தீவுல நம்பான்னு ஒருத்தன். மீன்கூடப் பேசுவான், நண்டுகூடப் பேசுவான், அதனால ஊரு அவனை மண்டுன்னு சொல்லும். அவனுக்குச் செம்பின்னு பொண்டாட்டி, இடுப்புல ஒரு கைப்பிள்ளை. தெனம் காலையில நம்பான் முட்டைப்பாறைக்குப் போயி இடுப்பளவு தண்ணியில நிப்பான். அங்க பெரிய கணவாய் ஒண்ணு, கறுப்புத் திராட்சைக் கொத்து மாதிரி முட்டையைப் பாறையில ஒட்டிட்டுக் காவல் இருக்கும்.

"மதினி, சௌக்கியமா?"ன்னான் நம்பான்.

"என்னத்தச் சௌக்கியம் கொழுந்தனாரே! மூணு நாளைக்கு முன்னால என் அக்காளைக் காணோம். முந்தாநாளு என் தங்கச்சியைக் காணோம். நேத்து என் சித்தியைக் காணோம்."

"யாரு மதினி தூக்குனது?"

"கடுக்கன் போட்ட ஆளு. தொந்தி முதல்ல வரும், ஆளு பின்னால வரும்."

நம்பான் நேரா ஊருக்குள்ள போயி, "தலைவருதான் கணவாயைக் குத்துறாரு, மதினி சொன்னா"ன்னான்.

"எந்த மதினிடா?"

"கணவாய் மதினி."

ஊரே சிரிச்சுச்சு. மங்களராசு மட்டும் சிரிக்கல. அன்னிக்கே அவரு தின்னு போட்ட கணவாயோட வெள்ளை ஓடுகளையெல்லாம் அள்ளிட்டு வந்து, நம்பான் வீட்டுக் கொல்லையில கொட்டிட்டு, "அய்யய்யோ, இந்த அநியாயத்தைப் பாருங்க!"ன்னு அவரே கூப்பாடு போட்டாரு. சனம் ஓடி வந்து பார்த்தா, வெள்ளை வெள்ளையா அம்புட்டு ஓடு!

செம்பி சொன்னா, "எங்க மண்டா வாசல்லயே நிக்கிது, கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"குத்திட்டுக் கழுவித் திரும்ப நட்டிருப்பான்"ன்னாரு மங்களராசு. "பொழுது சாயட்டும், நம்பான் மண்டாவை ஒப்படைச்சுட்டுக் காக்கா விரட்டப் போகட்டும்."

செம்பி பிள்ளையை இறுக்கிக்கிட்டா. பாலு குடிக்கிற பிள்ளை. அவ ஒழுங்காச் சாப்பிட்டாத்தான அதுக்குப் பாலு? அடுத்தவங்க மிச்சத்தை நம்பி ஒரு வருசம் எப்படி ஓட்டுறது? புருசன்கிட்ட, "ஊரு உங்க பேச்சைக் கேக்கல. நீங்க பேசுறதைக் கேக்குறவ ஒருத்தி இருக்காள்ல, அவகிட்டயாவது போயிச் சொல்லுங்க"ன்னா.

நம்பான் போயி அழுதான். எல்லாத்தையும் கேட்டுட்டுக் கணவாய், "சுறா வந்தாத்தான் மண்டாவைப் பிடுங்குவீகளா?"ன்னுச்சு.

"ஆமா மதினி."

"தலைவர்தான் முதல்ல குத்தணுமா?"

"ஆமா மதினி."

"அப்பச் சுறாவை வரவச்சிருவோம். போங்க, போயிக் கரையில நில்லுங்க."

பொழுது சாயப் போகுது. ஊரு கரையில கூடி நிக்கிது. நம்பான் மண்டாவைப் பிடுங்கிட்டு வரச் சொல்லி மங்களராசு கையை நீட்டுறாரு. அந்நேரம் பார்த்துத் தண்ணிக்குள்ள ஒரு நெழலு. பெரிய்ய நெழலு! தலை இங்க இருக்கு, வாலு அங்க இருக்கு, பல்லு வெள்ளை வெள்ளையாத் தெரியுது. அது சுறா இல்ல தெரியுமா? ஆயிரம் கணவாய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நின்னு, முதுகுக்கு நின்னது கறுப்பா, வயித்துக்கு நின்னது சாம்பலா, பல்லுக்கு நின்னது வெள்ளையா நிறம் மாத்திக்கிச்சுங்க. கணவாய்க்குத்தான் நிறம் மாத்தத் தெரியுமே!

"சுறா! சுறா!"ன்னு அலறிக்கிட்டு ஆளாளுக்கு வீட்டுக்கு ஓடி, மண்டாவைப் பிடுங்கிட்டு வந்து நின்னாங்க. "தலைவரே, முதல் குத்து உங்களது! எங்க உங்க மண்டா?"

"எனக்குத் தோளு பிடிச்சிருக்கு"ன்னாரு.

"நாங்க தாங்கிக்கிறோம், வாங்க தலைவரே!"

"கண்ணு கூசுதப்பா"ன்னாரு.

"சூரியன் முதுகுப் பக்கம்ல இருக்கு, வாங்க தலைவரே!"

"விரதம்... விரதத்துல மண்டாவைத் தொடக் கூடாதே"ன்னாரு.

தங்கப்பேச்சிக்குப் பொறுக்கல. "பட்டினி கிடந்து தெம்பில்லாம நிக்கிறாக, அவுகளைப் போயி வதைக்கிறீகளே! இருங்க, நான் எடுத்துத் தாரேன்"ன்னு ஓடிப்போயி, வாசல்ல நின்ன மண்டாவை ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தா. அது லேசாக் கையோட வந்துருச்சு. தூக்கிக்கிட்டு நாலு பேருக்கு நடுவுல வந்து நின்னா.

"ஏங்க, என்னங்க இது? கூரைக் காணோம்!"

ஊரு பார்த்துச்சு. கம்பைப் பார்த்துச்சு, கொல்லையில கிடந்த ஓடுகளை நினைச்சுச்சு, தலைவரு தொந்தியைப் பார்த்துச்சு.

ஒளிச்சு வைக்கப் பாறையை விட்டா வேற இடம் ஏது? கோட்டைச்சாமி போயிப் பாறை இடுக்குல கையை விட்டுத் தேடி, ஒளிச்சு வச்ச மண்டாவை எடுத்துட்டு வந்தான். கூருல கணவாய் கக்குன கறுப்பு மை காஞ்சு கிடக்கு. தங்கப்பேச்சி இடுப்புல கையை வச்சா. "பசியோட இருக்காகளேன்னு நானும் மத்தியானச் சோறு திங்காம இளைச்சேன். நீங்க அங்க சுட்டுத் தின்னுட்டு வந்து, எங்கிட்டயே தலை சுத்துதுன்னு விசிறச் சொன்னீகளே!"

அதைக் கேட்டுச் சுறாவுக்கே சிரிப்பு தாங்கல. பல்லு ஒரு பக்கம், வாலு ஒரு பக்கம்னு ஆயிரம் கணவாயாக் கலைஞ்சு ஓடிருச்சு.

அப்பறம் என்ன, மங்களராசு காக்கா விரட்டப் போனாரு. இந்தப் பக்கம் விரட்டுனா அந்தப் பக்கம் கொத்தும், அந்தப் பக்கம் ஓடுனா இந்தப் பக்கம் கொத்தும். ஓடி ஓடித் தொந்தி எங்க போச்சுன்னே தெரியல. ஊருக்குப் புதுத் தலைவரா யாரை வைக்கலாம்னு பேச்சு வந்தப்ப எல்லாரும் நம்பானைப் பார்த்தாங்க. அவன், "எனக்கு வேணாம், செம்பியைக் கேளுங்க, அவளுக்குத்தான் வீட்டுல நான் பேசுறதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை சாஸ்தி"ன்னான். செம்பி வெக்கப்பட்டுப் பிள்ளை தலையில முகத்தை மறைச்சுக்கிட்டே, "சரி"ன்னா.

முட்டை பொரிஞ்ச அன்னிக்கு, புளியங்கொட்டை அளவு குஞ்சுக பாறையை விட்டுக் குபுகுபுன்னு வெளிய வந்துச்சாம். பிறந்த உடனேயே ஆளுக்கொரு நிறம் மாத்திப் பழகுச்சாம். அதைப் பார்த்துட்டுத்தான் ஊரு மண்டாவோட கடல்ல இறங்குச்சு.

ஊருக்குச் சொல்ற சட்டத்தை முதல்ல நாம கேட்டு நடக்கணும், அம்புட்டுத்தான். கடலு கடல்ல கிடக்கு, கணவாய் பாறையில கிடக்கு, கேட்ட பிள்ளைக பாயில கிடக்கு. கண்ணை மூடுங்க.